ஊட்டியில் இருந்த தங்கை

எங்கள் ஊரில் ஒரு முகம் பருவில்லாமல் சுருக்கமில்லாமல் பளபளவென்று கம்பத்தில் தொங்கினால் அது பெரும்பாலும் என் கைவேலை. சங்கரன்கோவிலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் என் மெஷினில்தான் ஓடும். மீசை சரியாக முளைக்காத மாப்பிள்ளைக்கு மீசை வைத்துக் கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருந்தவரை சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியைச் செத்த பிறகு ஒரே சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன். இதையெல்லாம் பொய் என்று யாரும் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. அதே கையால்தான் என் தங்கைக்கும் வேலை பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

என் தங்கை நெடுந்தூர ஓட்டக்காரி. பத்தாயிரம் மீட்டர், அரை மாரத்தான். தேசிய அளவில் பதக்கம் வாங்கியவள். முகாம் இல்லாத நாட்களில் விடிவதற்குள் கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் ஓடுவாள். பால்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி வழி விடுவார்கள். ராயகிரியிலிருந்து வருகிற முதல் பஸ்ஸின் டிரைவர் அவளைப் பார்த்ததும் ஹாரனை ஒரு தட்டு தட்டுவார். தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். ஓட்டப் பந்தயக்காரர்கள் யாராவது ஊக்க மருந்தில் மாட்டினார்கள் என்று பேப்பரில் வந்தால் டீக்கடையில் ஒருவர், "எல்லாம் ஊசிதான்வே, சோறு தின்னுட்டு எவன் இவ்வளவு தூரம் ஓடுவான்?" என்பார். உடனே இன்னொருவர், "நம்ம புள்ள அப்படியில்ல, அது பழைய சோறும் முட்டையும் தின்னு ஓடுத புள்ள" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு ஊர் கொடுத்த பதக்கம். அதன் விலை எனக்கு அப்போது தெரியவில்லை.

ஊரில் அவளுக்காக அதிகம் பேசியது எங்கள் எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். பூ வாங்க வருகிறவர்களிடம் முழத்தை அளந்துகொண்டே, "எங்க தெருப் புள்ள டெல்லியில போயி ஓடிச்சு தெரியும்லா?" என்று ஆரம்பித்துவிடுவாள். தெரியாது என்று சொன்னவர்களுக்குப் பூ கொஞ்சம் குறைந்துதான் கிடைக்கும்.

போன வருஷம் தங்கைக்கு ஒரு சத்துபானக் கம்பெனி ஸ்பான்சர் செய்தது. பெரிய நகரத்துக் கம்பெனி. ஷூ, பிசியோதெரபி, பயிற்சி முகாம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குப் பதிலாக அவள் முகம் அவர்கள் டின்னில் வரும். ஆடி மாதக் கடைசியில் ஒரு பெரிய அரை மாரத்தான். அங்கே அவள் ஓடி முடித்த கையோடு புது டின்னை மேடையில் வெளியிடுவதாக ஏற்பாடு. அதுவரை அவளுடைய இணையப் பக்கத்தில் பயிற்சி வீடியோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது நான். கம்பெனி மேனேஜர் என்னைப் 'பிரதர்' என்பார். கடைக்கு வருகிறவர்கள் என்னை 'மேனேஜர்' என்பார்கள். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது. ஒளிப்பதில் என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனி மாதத்தில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. முதலில் எண்ணெய் தேய்த்தாள், ஐஸ் வைத்தாள். ஒருநாள் ஓட்டத்தைப் பாதியில் விட்டு நொண்டிக்கொண்டே வந்தாள். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கிறது, ஓடக்கூடாது, ஓடினால் முறிந்துவிடும் என்றார் டாக்டர். கனத்த பூட்ஸ் மாதிரி ஒன்றைக் காலில் மாட்டி, ஊன்றி நடக்க ஒரு கம்பையும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கை, "இப்பவே சொல்லிருவோம் அண்ணே. காலு இப்படின்னா யாரு என்ன சொல்லப் போறா?" என்றாள்.

"கொஞ்சம் இரிட்டி. ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர், "ஓடாம போனா அது வேற விஷயம் பிரதர், கடைசியில பார்த்துக்கலாம். டின் அச்சாகி வந்தாச்சு. அதுவரைக்கும் நெகட்டிவா எதுவும் வெளிய வரவேண்டாம். நீங்க பார்த்துக்கங்க" என்றார். பொய் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. இதை அவருக்காகச் சொல்லவில்லை, எனக்காகத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு செய்ததை எல்லாம் நானே யோசித்துத்தான் செய்தேன்.

முந்தின வருஷம் அவள் ஊட்டி முகாமில் இருந்தபோது எடுத்த வீடியோக்கள் என்னிடம் நிறைய இருந்தன. பனிமூட்டத்தில், தைல மரங்களுக்கு நடுவில் ஓடி வருவாள். அதில் ஒன்றை எடுத்து, பழைய ஷூ தெரியாமல் கீழே வெட்டி, 'மலையில் மறுபடியும்' என்று போட்டேன். தெருவில் கேட்டவர்களிடம் தங்கை விடியற்காலையிலேயே கிளம்பி ஊட்டிக்குப் போய்விட்டாள் என்றேன். உண்மையில் அவளைத் திருநெல்வேலியிலிருந்து காரில் கூட்டி வந்து, இருட்டியதும் பின்வாசல் வழியாக உள்ளறையில் சேர்த்திருந்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் 'கடும் காய்ச்சல்' என்று ஒரு பதிவு போட்டு முடித்துவிடலாம் என்பது திட்டம். அம்மா, "கால் சரியில்லன்னு சொல்லதுக்கு என்னல கூச்சம்?" என்று கேட்டாள். நான் கத்தினேன். இந்த ஸ்பான்சரும் போய்விட்டால் அவள் ஓட்டத்துக்கு யார் செலவழிப்பார்கள் என்று கத்தினேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குக் கிடைத்த 'மேனேஜர்' பட்டம் போய்விடுமே என்கிற பயம்.

எங்கள் தெருவில் ஒரு ஆளை ஒளித்து வைப்பது லேசான காரியமில்லை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள். தங்கை தும்மக்கூட மாட்டாள், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கம்பு தரையில் தட்டாமல் இருக்க அதன் நுனியில் பழைய துணியைச் சுற்றினேன். முட்டைக்காரர், "மகதான் ஊர்ல இல்லையே, இவ்வளவு முட்டை யாருக்கு?" என்று கேட்டதற்கு அம்மா, "மகன் உடம்பத் தேத்துதான்" என்று சொல்லிவிட்டாள். அவர் என் தொப்பையைப் பார்த்தார். அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளே தங்கை சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. பெரிய ஓட்டக்காரர்கள் தினமும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருப்போம் என்று முன்கூட்டியே போனில் பதிந்து வைக்க வேண்டும். ஊக்க மருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். சொன்ன இடத்தில் ஆள் இல்லை என்றால் அதுவே குற்றக் கணக்கில் ஏறும். "அதுலயும் ஊட்டின்னு போட்டிரு, எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்" என்று சொன்னேன். தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுல மட்டும் வாய வைக்காத அண்ணே. அங்க நான் பொய் சொன்னா நான் ஓடினது எல்லாமே பொய்னு ஆயிரும்" என்றாள். சரி சரி என்று விட்டுவிட்டேன். பிறகு அது எனக்கு மறந்தும் போனது.

அம்மன் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. வெளியூர்க்காரர்களுக்குத் தபசுக் காட்சி மட்டும்தான் தெரியும். எங்களுக்குக் கொடியேற்றத்திலிருந்தே திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்போம். நூற்றெட்டு என்பார்கள், அதற்கு மேலும் போவார்கள். பிள்ளை வேண்டும், வேலை வேண்டும், வழக்கு முடிய வேண்டும் என்று ஆளுக்கொரு வேண்டுதல். வெறுங்காலோடு நடப்பார்கள். மேல்காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடும்.

ஒருநாள் அத்தை கடைக்கு வந்தாள். "ஏலே மேனேஜரு, நானும் சுத்துக்கு நேர்ந்திருக்கேன்" என்றாள்.

"உங்களுக்கு என்ன அத்தை வேண்டுதல்? முட்டி வலிக்கா?"

"போலே. முட்டி எங்கூடவே வந்துட்டுப் போகட்டும். பாப்பா அந்தப் பந்தயத்துல செயிக்கணும். அதுக்குத்தான். நம்ம தெருப் பொம்பளைய நாலஞ்சு பேரு வாராவ. சுத்தும்போது மனசுல அது ஒண்ணுதான் இருக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு சுத்துக்கு ஒரு நெனப்பு. ரெண்டு நெனச்சா ரெண்டும் நடக்காது."

நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டு "சரி அத்தை" என்றேன். ஒரு கண்ணீர் அஞ்சலிக்காரரின் கழுத்துச் சுருக்கத்தை அழித்துக்கொண்டிருந்தேன். அழித்த இடத்தையே திரும்பத் திரும்ப அழித்தேன்.

இரண்டு நாள் கழித்து ரத வீதியில் அவளைப் பார்த்தேன். உச்சி வெயில். முட்டியில் துணி கட்டியிருந்தாள். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போய் நன்னாரி சர்பத் வாங்கி நீட்டினேன்.

"முடியட்டும்ல, பொறவு குடிக்கேன்."

"முட்டி வீங்கியிருக்கு அத்தை. போதும், சாமி ஒத்துக்கிடும்."

"அந்தப் புள்ள அவ்வளவு குளிர்ல ஓடுது, பாத்தேம்லா உன் படத்துல. எனக்கு இந்த வெயில் என்ன செஞ்சிரும்?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'அத்தை, அவ நம்ம வீட்டுலதான் இருக்கா, கால் முடியல' என்பது ஒரு மூச்சில் சொல்லக்கூடிய வார்த்தை. சர்பத் என் கையில் வழிந்துகொண்டிருந்தது. நான் அதைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன். வெட்கங்கெட்டவன், நன்றாகத்தான் இருந்தது சர்பத்.

சுற்று முடித்த அன்று அத்தை வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம், கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண். "கொரியர்ல அனுப்பிரு. ஓடுததுக்கு முந்தி ரெண்டு கால்லயும் பூசிக்கிடச் சொல்லு" என்றாள். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் என் தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. நான் உள்ளே போனதும் அவளே கையை நீட்டினாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அத்தைகிட்ட மட்டுமாவது சொல்லிரு அண்ணே."

"அத்தைகிட்ட சொல்லதும் ரேடியோவுல சொல்லதும் ஒண்ணுதாம்ட்டி. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"இத நான் எந்த மூஞ்சியோட பூசிக்கிட?" என்றாள். பூசிக்கொள்ளவில்லை.

தபசு முடிந்தது. காய்ச்சல் பதிவுக்கு வார்த்தைகளைக்கூட எழுதி வைத்துவிட்டேன். மறுநாள் போட வேண்டும். விடியற்காலையில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். அத்தை தன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்று யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"எத்தன தடவ சொல்லதுய்யா? அந்தப் புள்ள இங்கன இல்ல. ஊட்டியில இருக்கு. நானே சொல்லுதேம்லா."

கதவைத் திறந்தேன். ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் பெரிய பெட்டி. கம்பெனி அனுப்பிய வீடியோ ஆட்கள் என்று நினைத்துவிட்டேன். கேமரா பெட்டி அப்படித்தான் இருக்கும். மேனேஜருக்கு என்மேல் சந்தேகம் வந்து பார்த்து வரச் சொல்லியிருக்கிறார் என்று மனசு எங்கோ ஓடியது.

"நீயே சொல்லுல, பாப்பா ஊட்டியிலதான இருக்கா?" என்றாள் அத்தை.

"ஆமா. ஊட்டியிலதான் இருக்கா" என்றேன்.

அந்தப் பெண், "வீட்டுல இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா? இன்னைக்கு இந்த நேரம் இங்க இருப்பேன்னு அவங்களே எங்களுக்குக் குடுத்திருக்காங்க" என்று கேட்டாள். ஊக்க மருந்துச் சோதனைக்காரர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளிருந்து கம்புச் சத்தம் கேட்டது. துணி சுற்றியிருந்தும் கேட்டது. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன் மேடம்."

அத்தை அவள் காலைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ராத்திரி பஸ்ஸுல வந்தாளோ?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டப் போனேன். சத்தியமாக ஆட்டப் போனேன்.

"நான் போகவே இல்ல அத்தை" என்றாள் தங்கை.

அதற்குள் தெரு கூடிவிட்டது. தங்கை கழிப்பறைக்குப் போக, அந்த அதிகாரி அம்மாளும் கூடவே போனதையும், பெட்டியில் சிறுநீர்ப் பாட்டில்களைப் பூட்டியதையும் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் சேதி பஸ் ஏறிவிட்டது. டீக்கடையில் நான் வருவது தெரியாமல் ஒருவர், "கால் வலின்னா எதுக்குவே ஒளிச்சு வைக்கணும்? ஊசி போட்டிருக்கா, அது எறங்குத வரைக்கும் பூட்டி வச்சிருக்கான்" என்றார். பழைய சோறும் முட்டையும் என்று அவளுக்காகப் பேசியவர்தான். வாதாடத் தோன்றவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி.

அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்புக் கேட்டு, எக்ஸ்ரே படத்தோடு பதிவு போட்டேன். கீழே முதலில் வந்த பதில், 'எக்ஸ்ரே பிரிண்ட் உங்க கடையிலயே போடுறீங்களா?' அதற்கு நிறைய பேர் சிரித்திருந்தார்கள். மேனேஜர் போனில், "இப்படிச் செய்யச் சொல்லி நாங்க சொல்லலையே பிரதர்" என்றார். ஒப்பந்தம் முடிந்தது. டின் வேறொரு பெண்ணின் முகத்தோடு வந்தது.

சில வாரங்களில் சோதனை முடிவு வந்தது. அவளிடம் ஒன்றும் இல்லை. சுத்தம். ஆனால் மாட்டினவர்கள் பெயர்தான் பேப்பரில் வரும், மாட்டாதவர்கள் பெயர் எதிலும் வராது. நானே அதைப் போனில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா வந்திருக்குவே" என்று திருப்பிக் கொடுத்தான். கிண்டல்தான். அதற்கு மேல் யாரிடமும் காட்டவில்லை.

அதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "ஊசி போட்டு மாட்டினவங்களுக்கு இத்தன வருசம் தடைன்னு எழுதியிருக்கு. அது முடிஞ்சா வந்து ஓடலாம். எனக்கு எத்தன வருசம் அண்ணே?" என்று கேட்டாள். நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து, "இனி என்னப் பத்தி ஒரு வரி நீ எழுத வேண்டாம்" என்றாள். அந்தப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டாள்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். ஒருநாள் நானே போனேன். பூக் கட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோவமெல்லாம் இல்லல. நான் பந்தயத்துக்குன்னு சுத்தினேன். கால்னு தெரிஞ்சிருந்தா காலுக்குன்னு சுத்தியிருப்பேன். அம்புட்டு சுத்தும் ஒரே நெனப்பா நடந்தேம்ல, அவ செயிக்கணும் செயிக்கணும்னு. அவ ஓடவே போறதில்லன்னு உனக்குத் தெரியும். சாமிகிட்ட என்ன தப்பாக் கேக்க வச்சிட்டியே."

"நான் சுத்துதேன் அத்தை. அடுத்த ஆடிக்கு."

"சுத்து. அது உன் கணக்கு. என் சுத்து போனது போனதுதான்" என்று நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். முட்டி இன்னும் வீங்கித்தான் இருந்தது.

மார்கழியில் தங்கைக்குக் கால் எலும்பு கூடியது. மெதுவாக ஓட ஆரம்பித்தாள். ராயகிரி பஸ் ஹாரன் அடிக்காமல் போகிறது. பைக்கில் போகிற பையன்கள், "அக்கா, ஊட்டியா?" என்று கத்திவிட்டுப் போகிறார்கள். அவள் எதற்கும் திரும்புவதில்லை. ஷூவும் சொந்தச் செலவு. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள், அந்தச் சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது.

போன வாரம் காலையில் அத்தை பூவோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு வந்ததில் எனக்கு வாயெல்லாம் பல்.

"பாப்பா எங்கல?"

"ஓடப் போயிருக்கா அத்தை. கரிவலம் ரோட்டுக்கு. இப்ப வந்திருவா."

"அப்படியா" என்றாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளறைத் திரையை விலக்கிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. கதவுக்குப் பின்னாலும் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, பூவை என்னிடம் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, தங்கை திரும்பி வரும்வரை வாசல்படியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.